வெளிச்சம் பார்த்துக் கிளம்புங்கள்: சேலத்திலிருந்து பழங்கட்டடங்களில் கலை காணும் வழி

புதிதாகக் கட்டிய கேலரியில் காலை பத்து மணிக்கு நுழைந்தாலும் மாலை ஐந்துக்கு நுழைந்தாலும் படம் ஒரே மாதிரிதான் தெரியும். கோயில் மண்டபம், மலையைக் குடைந்த சன்னதி, அரண்மனைத் தர்பார், துறைமுகத்துப் பழைய கிடங்கு என்றால் கதையே வேறு. வாசல் எந்தத் திசை, நடை எப்போது சாத்துவார்கள், வெயில் எத்தனை மணிக்கு எந்தத் தூணைத் தொடும் என்பதைப் பொறுத்துத்தான் அங்கே கண்ணுக்கு ஏதாவது சிக்கும். இத்தனை தூரம் போய்விட்டு "ஒரே இருட்டு, ஒண்ணும் தெரியல" என்று திரும்புகிறவர்கள் பெரும்பாலும் மணி தப்பிப் போனவர்கள்.

சேலத்துக்காரர்களுக்கு இதில் ஒரு கொடுப்பினை உண்டு. பார்த்துப் பழகத் தாரமங்கலமும் நாமக்கல்லும் பக்கத்திலேயே இருக்கின்றன. பழகிய பிறகு சென்னை, பெங்களூரு, கொச்சி மூன்றுக்கும் ஜங்ஷனில் ரயில் ஏறலாம். முதலில் உள்ளூர், பிறகு வெளியூர் என்ற வரிசையிலேயே இங்கும் போவோம்.

பையில் என்ன இருக்க வேண்டும்

டார்ச் ஒன்று, செல்போனிலிருந்து தனியாக. கோயில்களுக்குள் செல்போன் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்டது. ஊருக்கு ஊர் கண்டிப்பு மாறுபட்டாலும், போனை வாசலில் வாங்கி வைத்துவிட்டால் உங்கள் டார்ச், கேமரா, குறிப்பு மூன்றும் சேர்ந்து போய்விடும். அதனால் கையடக்க டார்ச், நாற்பது பக்க நோட்டு, பென்சில். பேனாவைவிடப் பென்சில் ஏன் என்றால், ஓவியங்களும் ஓலைச்சுவடிகளும் இருக்கும் அறைகளில் மையைக் கண்டால் காவலர்கள் தடுப்பார்கள். ஒரு சொட்டு பட்டால் போக்க முடியாது.

டார்ச் வாங்கும்போது நீலம் கலந்த பளீர் வெள்ளை வேண்டாம், மஞ்சள் சாயல் உள்ளதாகப் பாருங்கள். காலங்காலமாக எண்ணெய் ஏறிய கருங்கல்லில் பளீர் வெளிச்சம் பட்டால் கல் மினுங்கும், வடிவம் தெரியாது. டார்ச் முகத்தில் ஒரு வெள்ளைக் கைக்குட்டையை ஒரு மடிப்புப் போட்டுக் கட்டினால் மினுக்கம் பாதியாகக் குறையும்.

விதானம் பார்க்க முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று, உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிதாக. இடுப்பு உயரத்தில் கிடையாகப் பிடித்துக் குனிந்து பார்த்தால் மேலே இருப்பது அப்படியே தெரியும். அண்ணாந்தே நின்றால் ஐந்து நிமிடத்தில் கழுத்து பிடித்துக்கொள்ளும். பைனாகுலர் இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் பல பைனாகுலர்கள் நாலைந்து மீட்டருக்கு உள்ளே இருப்பதைத் தெளிவாகக் காட்டாது. மண்டப விதானம் கிட்டத்தட்ட அந்த உயரம்தான். வாங்கும் கடையிலேயே எதிர்ச்சுவரில் உள்ள காலண்டரின் பொடி எழுத்தைப் பார்த்துச் சோதித்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் பாட்டில், பருத்தி சாக்ஸ் (வெளிப்பிராகாரக் கல் மதியத்தில் கொதிக்கும்), செருப்பைப் போட்டு வைக்க ஒரு துணிப்பை. பெரிய தோள்பை வேண்டாம். அருங்காட்சியகங்களில் அதை வாசலில் வைக்கச் சொல்வார்கள், கோயிலில் அதுவே தூணில் இடிக்கும்.

தாரமங்கலம்: மாலை நேரத்துக் கோயில்

சேலத்திலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். இந்தப் பகுதியை ஆண்ட கெட்டி முதலிகள் எழுப்பிய கைலாசநாதர் கோயில் மேற்குப் பார்த்தது. இந்த ஒரு தகவல் போதும், உங்கள் நேரத்தை முடிவு செய்ய. காலையில் போனால் முன்மண்டபத் தூண்களுக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் வரும், முகப்புச் சிற்பங்கள் கருநிழலாக நிற்கும். மதியம் மற்றக் கோயில்களைப் போலவே நடை சாத்திவிடுவார்கள். மாலை நாலு மணிக்கு மேல், சாய்ந்த வெயில் நேராக வாசல் வழியே உள்ளே வரும்போதுதான் அந்தக் கல் பேச ஆரம்பிக்கும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நாலேகாலுக்குள் உள்ளே இருங்கள். கோடையில் நாலரை, நாலே முக்கால் வரை தாமதிக்கலாம்.

மாசி மாதத்தில் மூன்று நாள் மாலையில் வெயில் ராஜகோபுர வாசல் வழியாக உள்ளே புகுந்து லிங்கத்தின் மேல் விழும். அதைத் தரிசிக்கப் போகிறவர்கள் அதற்காகவே போக வேண்டும். சிற்பம் பார்க்க அந்த நாட்கள் உதவாது; தூணுக்கு அருகே போகவே இடம் இருக்காது.

உள்ளே போனதும் எதையும் பார்க்காமல் ஒரு ஓரமாக நில்லுங்கள். வெயிலில் நடந்து வந்த கண் அரையிருட்டுக்குப் பழக ஐந்து முதல் பத்து நிமிடம் பிடிக்கும். இதைச் செய்யாததால்தான் பலர் முதல் நாலு தூணை வீணாக்குகிறார்கள். சாமி கும்பிடுகிறவர்கள் முதலில் கும்பிட்டு வந்துவிட்டால் அந்த நேரம் தானாகக் கழிந்துவிடும், குருக்களுக்கும் உங்களைப் பற்றி ஒரு நல்லெண்ணம் வந்துவிடும். பிறகு கேளுங்கள்: "சாமி, அந்தத் தூணெல்லாம் கொஞ்சம் டார்ச் அடிச்சுப் பாத்துக்கலாங்களா?" கேட்டுச் செய்தால் பெரும்பாலும் தடை இருக்காது, சில சமயம் அவரே வந்து காட்டுவார். கேட்காமல் கர்ப்பக்கிருகம் இருக்கும் திசையில் டார்ச் அடித்தால் வெளியேதான் போக வேண்டியிருக்கும், அதில் அவர்மேல் குற்றம் இல்லை.

டார்ச்சை எப்படிப் பிடிப்பது என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. சிற்பத்துக்கு நேர் எதிரே நின்று அடித்தால் நிழல் எல்லாம் சிற்பத்துக்குப் பின்னால் போய்விடும், புடைப்பு தட்டையாகிவிடும். ஒன்றரை மீட்டர் தள்ளி, பக்கவாட்டில் நின்று, வெளிச்சம் கல்லின் மேற்பரப்பை உரசிக்கொண்டு போகும்படி பிடியுங்கள். கழுத்து ஆரத்தின் மணிகள், ஆடையின் மடிப்பு, விரல் நகம் எல்லாம் அப்போது எழுந்து வரும். இரண்டு பேராகப் போனால் ஒருவர் பிடிக்க, மற்றவர் எதிரே நின்று பார்க்கலாம். தேய்ந்த கல்வெட்டுக்கும் இதே முறைதான். எழுத்து தெரியவில்லை என்று சுண்ணாம்போ மாவோ விபூதியோ பூசுவது கல்லைக் கெடுக்கும் வேலை.

எந்த வரிசையில் பார்ப்பது? முகப்பில் பின்னங்காலில் எழும்பி நிற்கும் குதிரைகளையும் யாளிகளையும் முதலில் பாருங்கள். சாயும் வெயில் அங்கேதான் முதலில் விழும், முதலில் போய்விடும். யாளியின் வாய்க்குள் உருளும் கல் பந்து பிரசித்தம். பந்து பற்களின் இடைவெளியைவிடப் பெரியது, அதனால் வெளியே எடுக்க முடியாது. வெளியிலிருந்து வைத்ததாகவும் இருக்க முடியாது; ஒரே கல்லில் வாயைச் செதுக்கும்போதே பந்தையும் உள்ளேயே விடுவித்திருக்கிறார்கள். உருட்டிப் பார்க்க ஆசை வரும். நானூறு வருடமாக ஆளாளுக்கு உருட்டி அந்த விளிம்புகள் மழுங்கியிருக்கின்றன, நீங்கள் கண்ணால் உருட்டினால் போதும். கல் சங்கிலிக்கும் இதே கணக்கு: வளையம் வளையமாகச் செய்து கோத்த வேலை இல்லை, ஒரே கல்லிலிருந்து கழித்துக் கழித்து எடுத்தது. ஒரு வளையம் உடைந்தால் மேலே செய்த வேலையெல்லாம் வீண்.

அடுத்து வாலி வதம். வாலியும் சுக்ரீவனும் சண்டையிடும் தூண் ஒன்று, வில்லோடு இராமன் மறைந்து நிற்கும் தூண் வேறொன்று. இராமன் இருக்கும் இடத்தில் நின்று பார்த்தால் வாலி தெரிவான். வாலி இருக்கும் இடத்துக்குப் போய்த் திரும்பினால் இராமன் தெரிய மாட்டான். இது தூண்களை நட்ட கோணத்தில் செய்த வித்தை. படத்தில் எடுத்துப் பார்த்தால் புரியவே புரியாது, நடந்து பார்த்தால்தான் பிடிபடும். குழந்தைகளை அழைத்துப் போயிருந்தால் ஒருவரை வாலி பக்கமும் ஒருவரை இராமன் பக்கமும் நிறுத்துங்கள், விளக்கமே தேவைப்படாது. ரதி, மன்மதன் தூண்களையும் இப்படியே நின்று திரும்பி நின்று பாருங்கள்.

கடைசியில் விதானம். தாமரை, அதைச் சுற்றித் தலைகீழாகத் தொற்றி இருக்கும் கிளிகள். இங்கே கண்ணாடியை எடுங்கள். சூரியன் இறங்கும்போது தரையில் பட்ட வெயில் எதிரொளித்து விதானத்துக்குப் போகும். அந்தக் கால் மணி நேரம் டார்ச்சே வேண்டாம். கண்ணாடியால் வெயிலைப் பிடித்துச் சன்னதிக்குள் அடிக்கும் விளையாட்டு மட்டும் கூடாது.

பழைய ஸ்தபதிகள் கோயில் வேலைக்கு ஒப்பந்தம் எழுதும்போது, ஆவுடையார்கோயில் கொடுங்கை (வளைந்து இறங்கும் கல் கூரை விளிம்பு), திருவலஞ்சுழிப் பலகணி (கல் சன்னல்), தாரமங்கலம் தூண் போன்றவை நீங்கலாக எதையும் செய்து தருகிறோம் என்று எழுதுவார்களாம். அந்தப் பட்டியலில் உள்ள ஒன்று நம் ஊரிலிருந்து ஒரு பஸ் தூரத்தில் இருக்கிறது.

முழுதாகப் பார்க்க ஒன்றரை மணி நேரம் வையுங்கள். அதற்கு மேல் கண் பார்க்கும், மனம் வாங்காது. மிச்சம் இருந்தால் இன்னொரு நாள் வரலாம்.

நாமக்கல்: ஒரு வரிசைக்கு ஒரு சிற்பம்

ஒரே பாறையான நாமக்கல் மலையின் இரு பக்கமும் இரண்டு குடைவரைகள், ஒன்று நரசிம்மருக்கு, ஒன்று அரங்கநாதருக்கு. எட்டாம் நூற்றாண்டு வாக்கில் அதியமான் மரபினர் குடைந்தவை. அரங்கநாதர் குடைவரைக்குக் கல்வெட்டில் அதியேந்திர விஷ்ணுகிருகம் என்று பெயர்.

இங்கே சிக்கல் வேறு. தாரமங்கலத்தில் நின்று நிதானமாகப் பார்க்கலாம், இங்கே வரிசை நகர்ந்துகொண்டே இருக்கும். மூலவருக்கு எதிரே நிற்கும் அரை நிமிடத்தில் எல்லோர் கண்ணும் நேரே இருக்க, பக்கச் சுவர்களில் இருப்பவை தப்பிவிடும். நரசிம்மர் குடைவரையில் இரணியனை மடியில் கிடத்திக் கிழிக்கும் நரசிம்மர், காலை உயரத் தூக்கிய திரிவிக்கிரமர், வராகர், வைகுண்டநாதர் எல்லாரும் பக்கங்களில் இருக்கிறார்கள். ஆகவே வீட்டிலேயே தீர்மானித்துவிடுங்கள்: இன்று இரணிய வதம் மட்டும். வரிசையில் நிற்கும்போதே எந்தப் பக்கச் சுவர் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்தப் பக்கத்தை ஒட்டி நகருங்கள். கூட்டம் குறைவாக இருந்தால் இரண்டாம் முறை போய்த் திரிவிக்கிரமரைப் பாருங்கள். ஒரே சுற்றில் நாலையும் பார்க்க முயன்றால் வெளியே வந்ததும் எதற்கு எத்தனை கை என்று சொல்ல முடியாது.

குடைவரையில் சிற்பம் தனியாகச் செய்து கொண்டுவந்து வைத்தது கிடையாது, சுவரேதான் சிற்பம். உளி ஒரு விரற்கடை தப்பினாலும் ஒட்ட வழியில்லை. அதனால் எந்த உறுப்பை அதிகம் புடைக்க விட்டிருக்கிறார்கள், எதைச் சுவரோடு சுவராக விட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். முன்னால் வரவேண்டியது முன்னால் வந்து, மற்றவை பின்வாங்கியிருக்கும். இங்கே டார்ச் எடுக்கவே வேண்டாம். எண்ணெய் விளக்கு, உள்விளக்கு இவற்றின் வெளிச்சமே கிடைப்பது. சனிக்கிழமையும் ஞாயிறும் ஆஞ்சநேயருக்கு வரும் கூட்டம் இங்கேயும் வழியும். செவ்வாய், புதன் காலை எட்டுக்கு முன்னால் சேருங்கள்.

ஒரே நாளில் இரண்டையும் பார்க்க நினைத்தால் தூரத்தை மறந்துவிட்டு வெளிச்சத்தை வைத்து வரிசை போடுங்கள். விடியற்காலையில் நாமக்கல், மதிய வெயிலில் சேலம் திரும்பிச் சாப்பாடு, கூரைக்குக் கீழே அரசு அருங்காட்சியகம், மூன்றரைக்குத் தாரமங்கலம். அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, இரண்டாம் சனிக்கிழமையும் மூடியிருக்கும். தமிழ்நாட்டு அரசு அருங்காட்சியகங்கள் பெரும்பாலும் இந்த முறைதான். ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும் என்பதால் வெள்ளியும் திறந்திருக்கும் என்று எண்ணிப் போகிறவர்கள் நிறைய.

பெயர் வேறு, உருவம் வேறு

சேலம் பெரியேரியில் தலைவெட்டி முனியப்பன் என்று வழிபடப்பட்ட சிலை புத்தருடையது என்று தொல்லியல் துறையின் அறிக்கையை ஏற்று சென்னை உயர் நீதிமன்றம் 2022 ஜூலையில் தீர்ப்பளித்தது. வழக்கு ஒரு பக்கம் இருக்கட்டும். சிலை பார்க்கப் பழகுகிறவருக்கு இதில் ஒரு பயிற்சி இருக்கிறது: பெயர்ப்பலகையைப் படிக்காமல் உருவத்தைப் படிப்பது. சம்மணமிட்ட கால், மடியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த கைகள், சுருள் சுருளான முடி, தொங்கும் நீண்ட காது. இந்த நாலும் சேர்ந்து வந்தால் யார் என்று யோசியுங்கள். தலைவாசலுக்குப் பக்கத்தில் தியாகனூரில் உள்ள புத்தர் சிலைகளைப் பார்த்துவிட்டு வந்தால் கண்ணுக்குச் சட்டென்று பிடிபடும். எந்த அருங்காட்சியகத்திலும் இதே முறை: முதல் இரண்டு நிமிடம் பலகையைப் பார்க்காதீர்கள். கைகளை எண்ணுங்கள், கையில் இருப்பதைப் பாருங்கள், எந்தக் கால் மடங்கியிருக்கிறது என்று பாருங்கள், நோட்டில் ஒரு வரி எழுதுங்கள். பிறகு பலகை. முதலிலேயே பலகையைப் படித்தவர் பெயரைத்தான் பார்ப்பார்.

ஏற்காடு

சேர்வராயன் மலையில் பழைய கட்டடங்கள் உண்டு, ஆனால் எதிர்பார்ப்பைச் சரியாக வைத்துக்கொள்ளுங்கள். திருஇருதய கான்வென்ட் (1894), மான்ஃபோர்ட் (1917) இரண்டும் நடந்துகொண்டிருக்கும் பள்ளிகள். காபி எஸ்டேட் பங்களாக்கள் தனியார் வீடுகள். கேட் திறந்திருக்கிறது என்று நுழைவது சரியில்லை. எஸ்டேட் நாய்களும் அதையே சொல்லும். உள்ளே போகக் கூடியவை தேவாலயங்கள். வண்ணக் கண்ணாடி இருக்கும் பழைய தேவாலயம் எதுவானாலும் வெளியிலிருந்து பார்த்தால் கண்ணாடி கருப்பாகத்தான் தெரியும். உள்ளே நின்று, வெளியே நல்ல வெயில் இருக்கும்போது பார்க்க வேண்டும். பெரும்பாலான பழைய தேவாலயங்களில் பீடம் கிழக்குப் பக்கம், எனவே காலை ஒன்பது, பத்து மணி. மழைக்காலத்தில் மலையில் மூடுபனி இறங்கினால் அன்றைக்குக் கண்ணாடி கிடையாது, காபி குடித்துவிட்டுத் திரும்பலாம். ஞாயிறு ஆராதனை நேரத்தில் சுற்றிப் பார்க்கப் போகாதீர்கள். மே மாதக் கோடை விழா நாட்களில் இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டி ஊர்ந்துதான் போகும், அந்த வாரத்தை விட்டுவிடுங்கள்.

தஞ்சை, சென்னை, பெங்களூரு

தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்தில் செப்புத் திருமேனிகள். திருவெண்காட்டிலிருந்து வந்த ரிஷபவாகனரை, அதாவது காளைமேல் கை சாய்த்து நிற்கும் சிவனை, தேடிப் போங்கள். 1011-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ரிஷபம் இல்லை, தொலைந்துவிட்டது. ஆனாலும் சாய்த்து வைத்த கை, ஒரு பக்கம் ஒசிந்த இடுப்பு இரண்டையும் பார்த்தால் காளை அங்கே நிற்பதாகவே தோன்றும். முன்பக்கம் பார்த்ததும் நகர்ந்துவிடாதீர்கள். செப்புத் திருமேனியை முடிந்தவரை பக்கவாட்டிலும் பின்னாலும் பார்க்க வேண்டும்: பின்முடி, பூணூல் முதுகில் விழும் கோடு, பீடத்தில் உள்ள துளைகள். உற்சவத்தில் தூக்கிப் போகக் கட்டி நிறுத்துவதற்கான துளைகள் அவை. வீதியில் போன சாமி கண்ணாடிப் பெட்டிக்குள் வந்த கதை அந்தத் துளைகளில் இருக்கிறது.

சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கும் வெள்ளி விடுமுறை. செப்புத் திருமேனிக் கூடமும் அமராவதிச் சிற்பங்களும் தனித்தனி இடங்கள்; ஒரே நாளில் இரண்டு போதும், மூன்றாவதற்குப் போனால் கால் மட்டும்தான் போகும். வளாகத்தில் ஹென்றி இர்வின் வடிவமைத்த செந்நிறக் கட்டடத்தை வெளியிலிருந்து பார்க்கச் சாயங்கால வெயில் நல்லது.

பெங்களூரில் தேசிய நவீனக் கலைக்கூடம் மாணிக்யவேலு மாளிகையில் 2009 முதல் இயங்குகிறது. திங்கள் விடுமுறை. பழைய மாளிகை அறைகள் சிறியவை. சனி ஞாயிறு மதியம் ஒரு படத்துக்கு முன்னால் நாலு முதுகு தெரியும். தாளில் வரைந்த படங்கள் இருக்கும் அறை மங்கலாக இருந்தால் விளக்கு எரியவில்லை என்று நினைக்க வேண்டாம். தாளுக்கும் துணிக்கும் 50 லக்ஸ் அளவுக்கு மேல் வெளிச்சம் கூடாது என்பது உலகெங்கும் உள்ள வழக்கம். சாயம் வெளிறினால் திரும்பி வராது. தாரமங்கலத்தில் செய்ததுபோலவே ஓரமாக நின்று கண்ணைப் பழக்குங்கள். இங்கே டார்ச்சைப் பையிலிருந்து எடுக்கக் கூடாது, கேமரா ஃபிளாஷும் அப்படியே.

கொச்சி: கிடங்குக்குள் கலை

கொச்சி முசிரிஸ் பியென்னாலே என்ற சமகாலக் கலைக் கண்காட்சி 2012-இல் தொடங்கியது. டிசம்பரில் திறந்து கோடை தொடங்கும்வரை நடக்கும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்பது பெயரளவு, நடுவில் கொரோனாவால் தள்ளிப்போனது. 2025-இன் பதிப்பு டிசம்பர் 12 அன்று தொடங்கியது. ஃபோர்ட் கொச்சியிலும் மட்டாஞ்சேரியிலும் உள்ள பழைய வணிகக் கிடங்குகள், வீடுகள்தான் அரங்குகள். மிளகு, இஞ்சி, தேங்காயெண்ணெய் வணிகம் செய்த ஆஸ்பின்வால் கம்பெனியின் கடலோர வளாகம் நெடுங்காலம் முக்கிய அரங்காக இருந்தது. பெப்பர் ஹவுஸ், டச்சுக்காரர் காலத்து டேவிட் ஹால் போன்றவையும் உண்டு.

முதல் வாரம் போகாதீர்கள். பாதி அறைகளில் ஏணியும் வயரும் கிடக்கும். 2022-இல் டிசம்பர் 12 அன்று திறக்க வேண்டியது 23-ஆம் தேதிக்குத் தள்ளிப்போய், டிக்கெட் எடுத்து வந்தவர்கள் வெளியே நின்றார்கள். கடைசி வாரமும் வேண்டாம். வெயிலும் புழுக்கமும் ஏறியிருக்கும், சில கருவிகள் பழுதாகி 'இயங்கவில்லை' என்று அட்டை தொங்கும். ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி முடிவு வரை நல்ல காலம், அதிலும் வார நாட்கள்.

பழைய கிடங்கில் எதையெல்லாம் கவனிப்பது? காரைச் சுவர்களில் கடல் ஈரம் கீழிருந்து ஏறும், அதனால் படங்களைச் சுவரில் ஒட்டாமல் விட்டுத் தொங்கவிட்டிருப்பார்கள். அந்த இடைவெளி தவறுதலாக வந்தது என்று நினைத்துத் தள்ளிப் பார்க்காதீர்கள். நிலைவாசல் தாழ்வு, உயரமானவர்கள் தலையைக் காத்துக்கொள்ள வேண்டும். மரப்படி செங்குத்து. ஏறும்போது சுலபம், இறங்கும்போது கைப்பிடி பக்கமாகத் திரும்பி ஏணியில் இறங்குவதுபோல இறங்குங்கள். மாடியில் ஒரு நேரத்தில் இத்தனை பேர்தான் என்று நிறுத்தினால் வாக்குவாதம் வேண்டாம், மரத்தளம் தாங்கும் கணக்கு அது.

வெளிச்சம் இங்கே இரண்டு விதம். ஜன்னல் திறந்த அறைகளில் உள்ள பொருட்களைக் காலையிலேயே பார்த்துவிடுங்கள். வீடியோ ஓடும் இருட்டறைகளை உச்சி வெயிலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அறை வாசலில் வீடியோ எத்தனை நிமிடம் என்று எழுதியிருக்கும். நடுவில் நுழைந்து ஐந்து நிமிடம் பார்த்து வெளியே வந்தால் ஒன்றும் புரியாது. காவலுக்கு நிற்கும் பிள்ளைகளிடம் "இனி எப்ப முதல்ல இருந்து வரும்?" என்று கேட்டு, அதுவரை பக்கத்து அறையைப் பாருங்கள். நாற்பது நிமிடத்துக்கு மேல் போகும் வீடியோ ஒரு நாளைக்கு ஒன்று போதும். எல்லாவற்றையும் பார்த்தே தீருவேன் என்று கிளம்புகிறவர் மாலையில் ஒன்றையும் நினைவில் வைத்திருக்க மாட்டார். பத்து படைப்பு பார்த்து நாலை நோட்டில் எழுதியவர்தான் ஊருக்கு வந்து பேசுவார். டிக்கெட்டைக் கடைசிவரை பத்திரமாக வையுங்கள், ஒவ்வொரு வாசலிலும் கேட்பார்கள்.

மட்டாஞ்சேரியில் அரண்மனைச் சுவரோவியங்களைத் தவறவிடாதீர்கள், இராமாயணம் முழுக்க சுவரில் இருக்கிறது. போர்ச்சுக்கீசியர் கட்டிக் கொடுத்து, டச்சுக்காரர் புதுப்பித்த கட்டடம். அரண்மனைக்கு வெள்ளி விடுமுறை, பக்கத்தில் உள்ள யூத ஆலயத்துக்குச் சனி விடுமுறை. வெள்ளி இரவு கிளம்பிச் சனிக்கிழமை சுற்றுவது நம்மவர் வழக்கம். அப்படிப் போனால் மட்டாஞ்சேரியை ஞாயிற்றுக்கு வைத்து, சனியை ஃபோர்ட் கொச்சிக்குக் கொடுங்கள்.

இனி ரயில். சென்னையிலிருந்து இரவில் கிளம்பிக் கேரளம் போகும் வண்டிகள் பல சேலம் ஜங்ஷனுக்கு நள்ளிரவு தாண்டித்தான் வரும். எர்ணாகுளத்துக்கு ஆறேழு மணி நேரம், காலையில் இறங்கலாம். இங்கேதான் வழக்கமாக ஒரு தவறு நடக்கிறது. வெள்ளிக்கிழமை இரவு சாப்பிட்டுவிட்டு ஒரு மணி வண்டியைப் பிடிக்க நினைப்பவர் வெள்ளிக்கிழமை தேதிக்கு டிக்கெட் போட்டுவிடுவார். அந்த வண்டி வியாழன் நள்ளிரவு தாண்டியே போய்விட்டிருக்கும். சேலத்தில் ஏறும் தேதி சனிக்கிழமை என்று பார்த்துப் போடுங்கள். எர்ணாகுளத்தில் டவுன், ஜங்ஷன் என்று இரண்டு ஸ்டேஷன், உங்கள் வண்டி எதில் நிற்கும் என்று டிக்கெட்டிலேயே இருக்கும். அங்கிருந்து பாலம் சுற்றி ஆட்டோவில் போவதைவிடப் படகுத்துறைக்குப் போய் ஃபோர்ட் கொச்சிப் படகில் ஏறுங்கள், ஏறத்தாழ இருபது நிமிடம். ஹைகோர்ட் ஜெட்டியிலிருந்து வாட்டர் மெட்ரோவும் உண்டு. காலையில் படகின் இடப்பக்கம் வலப்பக்கம் எதுவானாலும் வெளியே நில்லுங்கள். வணிகர்கள் தங்கள் கிடங்குகளை ஏன் கடலைப் பார்த்துக் கட்டினார்கள் என்பது தண்ணீரிலிருந்து பார்த்தால்தான் தெரியும். மாலை திரும்பும்போது கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்பதைக் காலையில் இறங்கும்போதே துறைக் கவுண்டரில் கேட்டு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.